யந்திரராஜம்

தொலைநோக்கியும் கைக்கடிகாரமும் தோன்றுதற்கு நெடுங்காலம் முன்னரே, வானத்தை உள்ளங்கையில் ஏந்திப் பார்க்கத் துணிந்த அறிஞர் இருந்தனர். அவர்கள் சமைத்த கருவியே அஸ்ட்ரோலேப் என்பது. கிரேக்க மொழியில் அப்பெயர் விண்மீனைப் பற்றுவது எனப் பொருள்படும். உருண்டையாகத் தோன்றும் வானத்தைத் தட்டையான பரப்பில் வரையும் கணித முறையைக் கி. பி. 2-ஆம் நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவில் வாழ்ந்த தாலமி விளக்கினார். 6-ஆம் நூற்றாண்டில் அந்நகரத்து யோவான் பிலோபொனஸ் இக்கருவியைப் பற்றி எழுதிய கிரேக்க நூல் இன்றும் உள்ளது.

இதன் முதன்மையான உறுப்புகள் நான்கு. விளிம்பில் 360 பாகைகள் குறித்த பித்தளை வட்டுக்கு அரபியரும் இலத்தீன் நூலாரும் 'தாய்' என்றே பெயரிட்டனர். அத்தாயின் மடியில் ஒரு தகடு அமரும். அதில் அடிவானமும், அதற்கு மேல் உயர்ச்சியைக் காட்டும் வட்டங்களும் வரையப்பட்டிருக்கும். தகட்டின்மேல் சுழல்வது, விண்மீன்களின் இடங்களைக் கூர்முனைகளாற் காட்டும் துளைவேலைச் சட்டம். இதனை இலத்தீனில் 'வலை' என்றும், அரபியில் 'சிலந்தி' என்றும் அழைத்தனர். பின்புறத்தே குறிபார்க்கும் கோல் ஒன்றுண்டு. கருவியை விரலில் தொங்கவிட்டு, அக்கோலின் வழியே ஒரு மீனின் உயர்ச்சியை அளந்து, வலையைத் திருப்பி அம்மீனின் முனையை அதே உயர்ச்சி வட்டத்தின்மேல் நிறுத்தினால், அவ்வேளை வானம் கையில் அமைந்துவிடும். சூரியன் அன்று நிற்கும் இடத்தைக் கொண்டு இரவில் மணியும் அறியலாம். விளிம்பில் 15 பாகை ஒரு மணியாகும். தொழுகை நேரம், கோபுரத்தின் உயரம் முதலியனவும் இதனால் அறியப்பட்டன.

நிற்க. என் உள்ளத்தைக் கவர்ந்தது இதன் வேலைப்பாடன்று. மொழிவிட்டு மொழி இது நடந்த நடையே. 7-ஆம் நூற்றாண்டில் ஸெவெருஸ் ஸெபோக்த் என்னும் ஆயர் இதனைச் சுரியானி மொழியில் விளக்கினார். பின்னர் அரபியர் இதனைப் பெருக வளர்த்தனர். டில்லியில் பிரோஸ் ஷா துக்ளக்கின் ஆதரவில், 1370-இல் மகேந்திர ஸூரி என்னும் ஜைன அறிஞர் வடமொழியில் 'யந்திரராஜம்' இயற்றினார். 1391-இல் ஆங்கிலப் புலவர் சாஸர், பத்து வயதுடைய தம் மைந்தன் லூயிஸ் இலத்தீன் அதிகம் அறியாமையால், அவனுக்கென எளிய ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதத் தொடங்கினார். எம்மொழியிற் புகுந்தும் அறிவு தேய்ந்ததில்லை.

இதனை யான் ஏட்டில் மட்டும் கண்டிலேன். மதுரைக்கு அணித்தாய சிற்றூர்ப் பள்ளியொன்றில் யான் ஆசிரியன். அங்கே ஆங்கிலப் பாடம் பிடிபடாமையால், கணிதமே தனக்கு வாராதெனத் துணிந்து, தமையனோடு செங்கற்சூளைக்குச் செல்ல நின்றான் ஒரு மாணவன். அவனும் யானும் அட்டையை வட்டமாக நறுக்கிப் பாகைகள் குறித்து, நடுவே ஒரு கோலைச் செருகினோம். ஒவ்வோர் உறுப்பையும் தமிழிலேயே சொன்னேன். அன்றிரவு வயல்வரப்பில் நின்று துருவமீனை அளந்தான்; ஏறக்குறைய 10 பாகை வந்தது. அதுவே நம் ஊரின் அட்சரேகை என்றேன். சற்றுநேரம் பேசாதிருந்து, "சென்னைக்குப் போனால் மீன் இன்னும் உயரத்தில் நிற்குமா, ஐயா?" என்றான். மறுநாள் காலையில் தேசப்படத்தைப் பார்த்து, "13 பாகை" என்று தானே விடையும் கொணர்ந்தான். வரும் ஆண்டு அவன் பள்ளிக்கு வருவதும் வாராமையும் அவன் குடும்ப நிலையைப் பொறுத்தன. ஆயினும் கணிதம் வாராதென்னும் சொல்லை அவன் வாயிலிருந்து யான் மீண்டும் கேட்டிலேன்.

ஆக்ஸ்போர்டு நகரம் ஏறக்குறைய 52 பாகையில் உள்ளது. அந்நகரின் அடிவானத்துக்கென வரைந்த தகடு மதுரைக்கு உதவாது. ஆயின் விண்மீன் வலையை மாற்ற வேண்டுவதில்லை. வானம் இரண்டூருக்கும் பொது. கலைகளும் அவ்வாறே. உண்மை யாவர்க்கும் பொதுவாகிய வலை. மொழியோ அவரவர் ஊர்க்கு வரைய வேண்டிய தகடு. பிறர் தகட்டை நம் சிறுவர் கையிற் கொடுத்துவிட்டு, அவர்க்கு வானம் தெரியவில்லை எனல் முறையாகுமோ?

நண்பர்களே, ஆங்கிலத்தின் வாயிலாக உயர்கலை பயிலும் பேறு பெற்றவர் நாம். நம்முள் ஒவ்வொருவரும் தாம் நன்கு கற்ற ஒரு பொருளையேனும், பத்து வயதுச் சிறுவனுக்கு விளங்குமாறு தமிழில் எழுதுதல் வேண்டும். முற்றுப்பெறுமோ என்று அஞ்சற்க. சாஸர் ஐந்து பாகங்கள் எழுதக் கருதினார். நமக்குக் கிடைத்தவை இரண்டே. அறுநூறு ஆண்டுகள் கடந்தும் அவ்விரண்டும் படிக்கப்படுகின்றன.