நிற்கிற பழமும் தின்கிற பழமும்

செகந்திராபாத்திலிருந்து கரீம்நகர் போகும் ராஜீவ் ரஹதாரியில், கார்கானாவையும் லோத்குண்டாவையும் தாண்டினால் அல்வால். அங்கே ஒரு விழா மண்டபத்தின் சமையற்கட்டுக்குப் பின்னால், தார்ப்பாய் விரித்த தரையில் உட்கார்ந்து ஒருவர் தர்பூசணி செதுக்கிக்கொண்டிருந்தார். வங்காளத்துக்காரர். உதவிக்கு இரண்டு உள்ளூர்ப் பெண்கள். மாலையில் சீமந்தம். நம் வளைகாப்புதான்.

சீமந்தம் என்றதுமே பட்டியலிலிருந்து இரண்டு பழங்கள் போய்விட்டன: பப்பாளி, அன்னாசி. கர்ப்பிணிக்கு ஆகாது என்று வீட்டுப் பெரியவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்களாம். பப்பாளி போனது பெரிதில்லை. அன்னாசிதான் பழ அலங்காரத்தின் முதுகெலும்பு. முள்தோலோடு நிமிர்ந்து நிற்கும். குச்சியைச் செருகினால் அசையாது. தலையிலிருக்கும் இலைக்கொத்தே மகுடமாகிவிடும். அது இல்லாததால் தெர்மாகோல் கூம்பு ஒன்றில் வாழையிலையைச் சுற்றி, அதில் திராட்சையையும் கிர்ணி உருண்டைகளையும் குத்தி நிறுத்தினார்கள். குச்சிகளை எண்ணிக் கொடுத்தார். விழா முடிந்ததும் எண்ணி வாங்குவாராம். குழந்தைகள் வரும் இடம் என்பதால் சின்னப் பல்குச்சியைத் தொடுவதே இல்லை. வெளியே நீட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரிகிற நீளக் குச்சிகள் மட்டும்தான்.

தர்பூசணியை அவர் தேர்ந்தெடுத்த விதம் எனக்குப் புதிது. நாம் தட்டிப் பார்த்து, நன்றாகப் பழுத்ததை எடுப்போம். அவர் அதை ஒதுக்கிவிட்டு, கொஞ்சம் காய்ப்பக்கம் இருப்பதை எடுத்தார். நன்றாகப் பழுத்தால் சதை மணல் மணலாக உதிரும், இதழ் நிற்காது. "தின்கிற பழம் வேறு, நிற்கிற பழம் வேறு, தீதி (அக்கா)" என்றார்.

அடியில் ஒரு சீவு சீவி உட்கார வைத்தார். பச்சைத் தோலை மட்டும் மெல்லியதாக உரித்தார். உள்ளே வெள்ளை, அதற்குள் இளஞ்சிவப்பு, அதற்கும் உள்ளே சிவப்பு. இந்த மூன்று நிறங்களும்தான் அவருக்கு வர்ணம். நடுவில் சின்ன வட்டம் கீறி, அதைச் சுற்றிக் கத்தி நுனியைச் சாய்த்து ஒரு வெட்டு, அதன் பின்னால் இன்னொரு வெட்டு. இடையிலிருக்கும் துண்டை எடுத்துவிட்டால் ஓர் இதழ். எவ்வளவு ஆழம் போகிறாரோ அந்த நிறம் இதழுக்கு வரும். விளிம்பு வெளுத்து, அடி சிவந்த ரோஜா அப்படித்தான் பிறக்கிறது. ஒரு வெட்டு ஆழம் தவறினால் இதழ் கையோடு வந்துவிடும். திருத்த வழியில்லாத வேலை. மரத்திலும் கல்லிலும் செதுக்குகிறவருக்குத் தரும் மரியாதையை இந்தக் கைக்கும் தர வேண்டும் என்று பார்க்கும்போதே தோன்றியது. தாய்லாந்தில் இது அரண்மனைப் பெண்கள் பயின்ற கலை. நம் ஊரில் தர்பூசணியில் தலைவர்களின் முகங்களைச் செதுக்கும் தேனி இளஞ்செழியனைப் போலப் பெயர் தெரிந்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் எல்லாரும் கேட்டரிங் பில்லில் ஒரு வரி.

கத்தி வேலையைவிட என்னை அசத்தியது அவருடைய நேரக் கணக்கு. செதுக்கிய பழங்களை முதலில் முடித்து, ஈரத்துணி போர்த்தி ஐஸ் பெட்டியில் வைத்தார். ஆரஞ்சு, திராட்சை, மாதுளை அடுத்து. ஆப்பிளை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் போட்டார்கள். இல்லாவிட்டால் காற்றுப் பட்டதும் பழுப்பு நிறம் வந்துவிடும். தின்பதற்கான தர்பூசணியையும் கிர்ணியையும் மட்டும் கடைசிவரை தொடவே இல்லை. உதவிக்கு இருந்த பெண் அவசரப்பட்டு ஒன்றை எடுத்தபோது, "இப்ப வேண்டாம்மா, விருந்தாளி வரட்டும்" என்று தடுத்தார்.

அதில் நியாயம் இருக்கிறது. ஆரஞ்சு போன்ற புளிப்புப் பழங்களில் கிருமி எளிதில் வளராது. தர்பூசணி, கிர்ணி வகைகளில் புளிப்பு மிகக் குறைவு. வெட்டிய பின் 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைக்க வேண்டியவை. வெளியே 2 மணி நேரம்தான் தாங்கும். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம். ஹைதராபாத்தின் ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரி சாதாரணம். விதிப் புத்தகம் படிக்காமலே இதை அவர் கை அறிந்து வைத்திருக்கிறது.

மாலையில் எல்லாரும் படம் எடுத்தார்கள். ரோஜாவுக்கு முன்னால் வரிசையே நின்றது. பக்கத்துத் தட்டிலிருந்த பழத்தை எடுக்கத்தான் கை நீளவில்லை. அலங்காரத்தைக் கலைக்கக் கூடாது என்ற கூச்சம். விழா முடியும்போது பாதிப் பழம் அப்படியே இருந்தது, குப்பை வண்டிக்குப் போனது. அல்வாலுக்குப் பக்கத்திலுள்ள போயின்பள்ளி சந்தையில் காய்கறிக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள்; பிரதமரின் 2021 ஜனவரி வானொலி உரையிலும் அது இடம்பெற்றது. கழிவுக்கு அந்த வழி நல்லதுதான். தின்கிற பழம் கழிவாகாமல் இருப்பது அதைவிட நல்லது.

உங்கள் வீட்டு விழாவுக்குப் பழ அலங்காரம் சொன்னால், தட்டருகே ஓர் ஆளை நிறுத்தி முதல் ஒரு மணி நேரத்துக்குள் எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். செதுக்கியவரின் பெயரைக் கேட்டு, ஒரு சின்ன அட்டையில் எழுதி அந்த ரோஜாவின் பக்கத்தில் வையுங்கள்.