உள்ளேன் ஐயா!

"அண்ணே, நாங்க நாலு பேர் வரோம். உக்கார ஸ்டூல் இருக்குமா?"

ஞாயிற்றுக்கிழமை காலை இப்படி ஒரு போன். நானும் மெனக்கெட்டு நாலு ஸ்டூலைத் தூசி தட்டிப் போட்டு வைத்தேன். வந்ததோ ஒரே ஒரு பையன். ஒல்லியாக, சாஃப்ட்வேர் கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றக்கூட மறந்துபோய் வந்து நின்றான்.

"மத்தவங்க எங்கேப்பா?"

"இங்கேதாண்ணே" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "பயப்படாதீங்க. டீ ஒண்ணு போதும். அதுலே எங்களுக்குள்ளே சண்டை கிடையாது."

சொல்லிவிட்டுச் சிரித்தான். ஆனால் டம்ளரைப் பிடித்திருந்த கை நடுங்கியது. இந்த ஜோக்கைப் பஸ்ஸில் வரும்போதே பத்துத் தடவை ஒத்திகை பார்த்திருப்பான் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால், நானும் அப்படி ஒத்திகை பார்த்த ஆசாமிதான்.

நான் ஒரு பிரைவேட் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் செக்ஷன். 2015 மார்ச், இயர் எண்டிங். மூன்று ராத்திரி சரியான தூக்கம் இல்லை. தாம்பரத்திலிருந்து பீச் போகும் எலெக்ட்ரிக் ரயிலில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கிண்டி தாண்டியதும் நிமிர்ந்து பார்த்தால், அந்தக் கை என்னுடையதாகத் தோன்றவில்லை. வாட்ச் என்னுடையது. மோதிரம் என் மாமனார் போட்டது. கை மட்டும் யாரோ மூன்றாம் மனிதருடையது!

ஆபீஸ் போய் "குட்மார்னிங் சார்" என்றேன். என் குரல் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி எங்கிருந்தோ கேட்டது. சாயங்காலம் வீட்டில் சம்சாரம், "ஆளு இங்கே, மனசு எங்கே?" என்றாள். கல்யாணமான எல்லோரும் கேட்கிற வசனம்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

விட்டிருக்கக் கூடாது. ஆறு மாதம் அது என்னை விடவில்லை. கண் டாக்டரிடம் போய்ப் புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டேன். அம்மா மந்திரித்துக் கயிறு கட்டினாள். மேனேஜர், "கொஞ்சம் லீவு எடுத்துக்குங்க" என்றார். பைத்தியம் பிடிக்கப் போகிறது என்று ராத்திரியெல்லாம் விழித்திருந்து, கடைசியில் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். கொட்டாவி விடாமல் முழுக்கக் கேட்டார்.

"இதுக்குப் பேர் இருக்கு சார். டீபெர்சனலைசேஷன். டிஸ்ஸோஸியேட்டிவ் டிஸ்ஆர்டர்னு ஒரு குடும்பம். அதுலே உங்களது ஒண்ணு. பைத்தியம் இல்லை."

பேர் கிடைத்ததுமே பாதி பயம் இறங்கிவிட்டது.

அவர் ஃப்யூஸ் உதாரணம் சொன்னார். கரண்ட் தாறுமாறாக வந்தால் ஃப்யூஸ் போகிறது. வீடு தப்பிக்கிறது. தாங்க முடியாத ஒன்று நடக்கும்போது, மனசும் அப்படி ஒரு ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, "இது எனக்கு நடக்கலை" என்று ஒதுங்கி நிற்கிறது. அது தப்பில்லை, தற்காப்பு. தொந்தரவு எங்கே என்றால், ஆபத்து போன பிறகும் மிக்ஸி போட்டால்கூட ஃப்யூஸ் போவது! ஸ்கூட்டரில் வீடு வந்து சேர்ந்த பிறகு, நடுவில் சிக்னலில் நின்றதே ஞாபகம் இல்லாமல் போவது உங்களுக்கும் உண்டு. அது சாதாரணம். அது நாளும் பொழுதுமாக நீண்டு பிழைப்பைக் கெடுத்தால்தான் நோய். நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு எனக்கு வந்த ரகம் இருக்கிறதாம்.

"அப்படின்னா அந்த இன்னொருத்தரை நான் பார்க்க முடியுமா டாக்டர்?" என்று கேட்டேன். எங்கள் குழு பிறந்தது அந்த ஒரு கேள்வியில்தான்.

இது ஒன்றும் புது ஐடியா இல்லை. 1935-ல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில், குடியை விட முடியாமல் தவித்த ஒரு பங்குச்சந்தை ஆசாமியும் ஒரு சர்ஜனும் உட்கார்ந்து பேசியதில் பிறந்ததுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 'பட்டவன் சொன்னால் பட்டவனுக்குப் புரியும்' என்ற ஒரே சூத்திரம்தான். டாக்டரம்மா தன்னிடம் வருகிறவர்களைக் கேட்டு, சம்மதித்தவர்களுக்கு என் நம்பரைக் கொடுத்தார். 2017-ல் மூன்று பேரோடு ஆரம்பித்தோம். இடம், மாம்பலத்தில் ஒரு நண்பரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். ஞாயிறு லீவு என்பதால் வாடகை இல்லை. ரெக்ஸின் உறை போட்ட டைப்ரைட்டர்களுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்காருவோம்.

முதலில் வந்தவர் ஒரு பேங்க் கேஷியர். அவருக்குக் கை சரியாக இருந்தது. உலகம்தான் சரியில்லை! "எல்லாம் சினிமா செட் மாதிரி இருக்கு சார். தட்டினா அட்டைச் சத்தம் கேக்குமோன்னு தோணுது. ஆனா கவுண்ட்டர்லே ஒரு ரூபா குறைஞ்சதில்லே" என்றார்.

அடுத்தது ஒரு ஸ்கூல் டீச்சர். அவருக்கு மணிக்கணக்காக ஞாபகம் காணாமல் போகும். ஒரு நாள் கைப்பையைத் திறந்தால் காஞ்சிபுரம் போய்வந்த பஸ் டிக்கெட். போனதும் தெரியாது, வந்ததும் தெரியாது. முதலில் வலிப்பு நோயாக இருக்குமோ என்று மூளையின் மின்னோட்டத்தையெல்லாம் டெஸ்ட் செய்து, அது இல்லை என்று தெரிந்த பிறகே வந்து சேர்ந்தார்.

அவருக்கு ஆறுதலாக, நான் புத்தகத்தில் படித்த ஆன்ஸெல் போர்ன் கதையைச் சொன்னேன். அமெரிக்கப் பிரசங்கி. 1887 ஜனவரியில் பாங்கிலிருந்து 551 டாலர் எடுத்துக்கொண்டு குதிரை டிராமில் ஏறினவர், ஆளையே காணோம். மார்ச் மாதம் நாரிஸ்டவுன் என்ற வேற்றூரில் கண் விழித்து, "நான் எங்கே இருக்கேன்?" என்று அலறுகிறார். பார்த்தால், வேறு பெயரில் அங்கே ஆறு வாரமாக மிட்டாய், பழம், பேப்பர் விற்கும் பெட்டிக்கடை நடத்தியிருக்கிறார்! வில்லியம் ஜேம்ஸ் என்ற மேதை 1890-ல் அவரை ஆராய்ந்து எழுதி வைத்தார்.

டீச்சர் பெருமூச்சு விட்டார். "அவராவது கடை வச்சார் சார். நான் காஞ்சிபுரம் வரைக்கும் போயிட்டு, ஒரு புடவைகூட எடுக்காம வந்திருக்கேன்!"

அன்றைக்குத்தான் அந்த அறையில் முதல் தடவையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஆபீஸில் இந்த விஷயம் கசிந்ததும் பக்கத்து சீட்காரர் ரகசியமாக வந்தார். "அந்நியன் படம் மாதிரியா சார்? ராத்திரி வந்து தண்டனை குடுப்பாங்களா?"

"நம்ம ஆபீஸுக்கு அப்படி ஒருத்தர் வந்தாத் தேவலை" என்று அனுப்பி வைத்தேன். 2005-ல் 'அந்நிய'னும் 'சந்திரமுகி'யும் ஒரே வருஷத்தில் வந்து எங்கள் ஆட்களுக்குச் செய்த உபகாரம் இது! நிஜத்தில் இவர்கள் யாரையும் வெட்டுவதில்லை, மறைத்துக்கொள்ளத்தான் பார்ப்பார்கள். ஆபத்து மற்றவர்களுக்கு இல்லை, பெரும்பாலும் அவர்களுக்கேதான். அந்தப் பையனுக்கு இருந்ததை முன்பு 'பல ஆளுமை' என்றார்கள். 1994-ல் அமெரிக்க டாக்டர்கள் பெயரை மாற்றினார்கள். நாலு முழு மனிதர்கள் இல்லை, சிறு வயதுக் கொடுமையில் ஒன்றாகச் சேராமல் போன ஒரே மனிதனின் நாலு துண்டுகள் என்பதால். அப்புறம், ஆடி மாதம் எங்கள் பெரியம்மா மேல் மாரியம்மன் வருவாள். ஆட்டம் முடிந்ததும் ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டுச் சமையலுக்குப் போய்விடுவாள். ஊரும் ஒப்பி, அவளுக்கும் துன்பமில்லாத அது நோயே இல்லை!

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

குழு ஆரம்பித்த ஒரு வருஷத்தில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. இரண்டு புத்தகம் படித்திருந்தேன். டி.வி.யில் வரும் நிபுணர்கள் மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்கப் பழகியிருந்தேன். ஒரு சித்திரை மாத ஞாயிறு. கூரியர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் அன்றைக்கு இரண்டாவது தடவையாக வந்திருந்தார். "மனசிலே இருக்கறதைக் கொட்டிடுங்க சார். பாரம் குறையும்" என்றேன்.

கொட்டினார். ஒன்பது வயதில் அவருக்கு நடந்ததை, ஒன்று விடாமல். நானும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

டீச்சரை யாரும் பார்க்கவில்லை. பார்த்தபோது ஸ்டூலில் கைப்பை மட்டும் இருந்தது. வாசலுக்கு ஓடினேன். அங்கே டீச்சரின் செருப்பு இருந்தது. டீச்சர் இல்லை.

அந்த வெயிலில் ரங்கநாதன் தெரு கும்பலில் நான் தேடின தேட்டம் ஜென்மத்துக்கும் மறக்காது. அவர் வீட்டுக்காரருக்குப் போன் செய்தபோது எனக்கு வார்த்தை வரவில்லை. இரண்டரை மணி நேரம் கழித்து அந்தப் பையன்தான் கண்டுபிடித்தான். மாம்பலம் ஸ்டேஷன் பெஞ்சில் வெறுங்காலோடு உட்கார்ந்து, போகிற ரயிலையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் கையைப் பிடித்து இழுக்கவில்லை, உலுக்கவில்லை. பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்து, மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

"டீச்சர், இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. இது மாம்பலம் ஸ்டேஷன். நான் உங்க எதிர் ஸ்டூல். உங்க செருப்பு பத்திரமா இருக்கு. இப்ப ஒண்ணும் நடக்கலை டீச்சர்."

கால் மணி நேரம் கழித்து டீச்சர் திரும்பினார். "பாதம் சுடுதுப்பா" என்றார்.

கூரியர்காரர்? தன் கதைதான் டீச்சரை விரட்டியது என்று நினைத்து, இரண்டு மாதம் வரவே இல்லை. அவருக்கும் சேர்த்து நான்தான் பாவம் பண்ணினேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. "நீங்க நடத்தறது குழுவா, ஆபரேஷன் தியேட்டரா? திறந்தா தைக்கத் தெரியணும் சார்" என்றார். திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது.

குழுவை மூடிவிடுவது என்று முடிவு செய்தேன். புதன்கிழமை டீச்சர் போன் செய்தார். "ஒரு பையன் கீழே விழுந்துட்டான்னு ஸ்கூலையே மூடுவாங்களா சார்? பி.டி. பீரியடுக்கு ரூல் போடுவாங்க."

போட்டார். சார்ட் பேப்பரில், அழகான கையெழுத்தில். டாக்டரிடம் காட்டிக்கொள்ளாமல் இங்கே வரக் கூடாது. பழைய கொடுமையை விவரமாகச் சொல்லக் கூடாது. "சின்ன வயசுலே நடந்தது" என்றால் போதும், மீதி டாக்டருக்கு. இந்த வாரத்தை எப்படிச் சமாளித்தோம் என்பதுதான் இங்கே பேச்சு. யாராவது கையைத் தூக்கினால், அந்த நிமிஷமே கப்சிப். "உள்ளே இருக்கறவரைக் கொஞ்சம் கூப்பிடேன்" என்று வேடிக்கை கேட்கக் கூடாது. மாத்திரை யோசனை கூடவே கூடாது. வெளியே போனால் துணையோடு. இங்கே கேட்டது இங்கேயே. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஞாயிறுக்குக் காத்திருக்காமல் உடனே டாக்டர். அரசாங்கம் 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் நம்பர் 14416-ஐப் பின்னால் சிவப்பு மையில் சேர்த்தோம். எப்போது கூப்பிட்டாலும் தமிழிலேயே பேசலாம்.

மேஜை மேல் ஓர் எலுமிச்சம்பழம், காப்பிப்பொடி டப்பா. யாராவது நழுவினால் முகர்ந்து பார்க்க. கண்ணில் படுகிற ஐந்து, தொடுகிற நாலு, கேட்கிற மூன்று, முகர்கிற இரண்டு, ருசிக்கிற ஒன்று என்று வாய்விட்டு எண்ணச் சொல்வோம். கூரியர்காரர் திரும்பி வந்த பிறகு, அவர் இன்னொன்று கண்டுபிடித்தார். உறையைத் தூக்கிவிட்டு, டைப்ரைட்டரில் முதல் பாடம். ஏ, எஸ், டி, எஃப்... விரல் நுனியில் அழுத்தம், காதில் 'டக்'கென்று சத்தம். அதைப் போல ஆளை இழுத்து வரும் சங்கதி வேறில்லை!

கடைசியில் அட்டெண்டன்ஸ். எல்லோரும் முழுசாகத் திரும்பி வந்துவிட்டோம் என்று தெரிந்த பிறகே வீட்டுக்கு விடுவது. ஒவ்வொருவராக "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும். பையன் மட்டும் "உள்ளோம் ஐயா" என்பான்!

போன வருஷ மார்ச். மறுபடியும் இயர் எண்டிங். அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரைப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று என் குரல் பக்கத்து வீட்டு ரேடியோ ஆனது. ரெஜிஸ்டரைப் பிடித்திருந்த கை யாருடையதோ ஆனது. நடத்துகிறவன் நழுவலாமோ? காட்டிக்கொள்ளாமல் வாசித்தேன்.

"அண்ணே, ஒரே பேரை மூணு தடவை படிச்சிட்டீங்க" என்றான் பையன்.

டீச்சர் வந்து ரெஜிஸ்டரை வாங்கிக்கொண்டார். "ஸ்டூல்லே உக்காருங்க சார்." கேஷியர் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்தார். கூரியர்காரர் உறையைத் தூக்கி என் விரல்களைச் சாவிகள் மேல் வைத்தார். யாரும் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. டக்... டக்... பத்து நிமிஷம் ஆயிற்று, மோதிரம் போட்ட அந்தக் கை என்னிடம் திரும்பி வர.

டீச்சர் ரெஜிஸ்டரைப் புரட்டி, முகம் சுளித்தார். "இத்தனை வருஷமா உங்க பேரே இதுலே இல்லையே சார்?"

உண்மைதான். நடத்துகிறவன் என்ற மிதப்பில் நான் என்னை எழுதிக்கொள்ளவே இல்லை. டீச்சர் பேனாவைத் திறந்து, கடைசி வரிசையில் என் பெயரை எழுதி, கணீரென்று வாசித்தார்.

தொண்டையைச் செருமிக்கொண்டேன். என் குரல் எனக்கே கேட்டது.

"உள்ளேன் ஐயா!"

"டீச்சர்னு சொல்லுங்க" என்றார் அவர்.