ஆற்றில் வீணாய்ப் போன வெந்நீர்... குளிர் போக்கும் தேவாலயம்!

இங்கிலாந்தின் பாத் நகரத்துக்குப் பெயரே குளியலால் வந்ததுதான். ரோமானியர்கள் கட்டிய வெந்நீர்க் குளங்களைப் பார்க்க வருகிறவர்கள், பக்கத்திலேயே இருக்கும் பாத் அபே தேவாலயத்துக்குள்ளும் நுழைவார்கள். 1499-ல் கட்டத் தொடங்கிய தேவாலயம் இது.

அண்ணாந்து பார்த்தால், விசிறி விரித்தது போன்ற கல் கூரை. கண்ணுக்கு அழகு, குளிர்காலத்தில் அதுவே தலைவலி. சூடான காற்று உயரே போய்விடும். கீழே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்குக் கால் விறைக்கும்.

தரையிலும் சிக்கல். அடியில் ஆயிரக்கணக்கானோர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். நாளடைவில் மண் உள்வாங்கி, பெயர் பொறித்த நினைவுக் கற்கள் ஆட்டம் கண்டன. தரையை எப்படியும் பெயர்த்தாக வேண்டும். அப்படியே அடியில் வெந்நீர்க் குழாய்களையும் பதித்துவிட்டால்?

வெப்பத்துக்கு எங்கும் அலைய வேண்டியதில்லை. பக்கத்து ஊற்றில் தினமும் சுமார் 11.7 லட்சம் லிட்டர் தண்ணீர், 46 டிகிரி சூட்டில் பொங்குகிறது. அது ரோமானியர் காலத்து வடிகால் வழியாக ஏவன் ஆற்றில் கலந்துகொண்டிருந்தது.

அந்த வடிகாலுக்குள் உலோகத் தகடுகளை இறக்கினார்கள். ஊற்று நீர் தேவாலயத்துக்குள் வராது. அதன் சூடு மட்டும் வரும். தகடுகளுக்குள் ஓடும் வேறு தண்ணீர் அதை வாங்கிவர, ஹீட் பம்ப் இன்னும் கூட்டி, தரைக் குழாய்களுக்கு அனுப்புகிறது.

2021-ல் இது இயங்கத் தொடங்கியது. நினைவுக் கற்களும் மீண்டும் தரைக்குத் திரும்பிவிட்டன. இப்போது கதகதப்பு கூரையில் இல்லை, காலடியில்!

வெந்நீர் இன்றும் ஆற்றுக்குத்தான் போகிறது. என்ன, கொஞ்சம் சூடு குறைந்து போகிறது.