டான்சிலுக்கு ரோபோ வேண்டுமா?

அடிக்கடி தொண்டை வீங்கி அவதிப்படும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் இருப்பது நியூஜெர்சியில். எங்கள் மகளுக்கு ஆறு வயது. போன வருஷம் மட்டும் ஐந்து தடவை டான்சில் வீங்கி, எச்சில் விழுங்கக்கூட அழுதாள். எனக்கும் மனைவிக்கும் ஆபீஸ் லீவு எல்லாம் அதிலேயே கரைந்தது.

"இப்பதான் ரோபோ சர்ஜரி வந்துடுச்சே, ஈஸியா முடிஞ்சிடும்" என்றார் நண்பர் ஒருவர். சாஃப்ட்வேர்காரனிடம் ரோபோ என்று சொன்னால் சும்மா இருப்பேனா? தேடிப் படித்தேன். வாய் வழியாகச் சில கட்டிகளை அகற்ற, டாவின்சி என்ற கருவிக்கு அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2009இல் அனுமதி கொடுத்தது. பெயர்தான் ரோபோ, தானாக எதையும் செய்யாது. மருத்துவர் கன்சோலில் உட்கார்ந்து கையை அசைக்க, வாய்க்குள் இருக்கும் மெல்லிய கருவிகள் அதேபோல் அசையும். நாக்கின் அடிப்பகுதி மாதிரி, கண்ணும் கையும் எளிதில் எட்டாத இடங்களில்தான் அதன் அருமை தெரியும்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேட்டேன். "வாயைத் திறந்தாலே டான்சில் தெரியுது, அதுக்கு எதுக்கு ரோபோ?" என்று சிரித்தார். பிறகு அவர் கேட்டதுதான் முக்கியம்: "எத்தனை தடவை வந்தது? தேதி குறிச்சு வச்சிருக்கீங்களா?"

அவர் சொன்ன கணக்கு இது. ஒரே வருஷத்தில் 7 தடவை, அல்லது தொடர்ந்து இரண்டு வருஷம் ஆண்டுக்கு 5, அல்லது மூன்று வருஷம் ஆண்டுக்கு 3 என்றால் டான்சிலை எடுப்பது பற்றி யோசிக்கலாம். அதற்குக் குறைவு என்றால் பெரும்பாலும் பொறுத்திருப்பதே நல்லது. நிறைய பிள்ளைகளுக்கு வளர வளரத் தானே குறைந்துவிடும். வெறும் தொண்டை வலி கணக்கில் சேராது. கூடவே 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், கழுத்தில் நெறிகட்டு, டான்சிலில் வெள்ளைப் படலம், ஸ்ட்ரெப் டெஸ்ட் பாசிட்டிவ் இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். ஆனால் பிள்ளை குறட்டை விட்டு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தால் எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், உடனே காட்டுங்கள்.

திருச்சியிலிருந்து அம்மா, "எடுத்தா எதிர்ப்பு சக்தி போயிடும்டா" என்று பயந்தார். அந்த வேலையைச் செய்ய உடம்பில் வேறு இடங்களும் இருக்கின்றன என்று மருத்துவர் தெளிவுபடுத்தினார். அவர் எச்சரித்தது வேறு விஷயங்களைப் பற்றி. முழு மயக்கம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். வலி பத்து நாள் வரைக்கும், சிலருக்கு அதற்கு மேலும் இருக்கும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு பொருக்கு உதிரும்போது ரத்தம் வரலாம், வந்தால் நேரே எமர்ஜென்சிதான். பிள்ளைகளுக்குக் கோடீன் கலந்த வலி மருந்து கூடவே கூடாது.

எங்கள் கணக்கில் போன வருஷம் ஐந்து, அதற்கு முந்தின வருஷம் இரண்டு. அதனால் காத்திருக்கிறோம். ஒவ்வொரு தடவையும் டாக்டரிடம் காட்டி, தேதி, காய்ச்சல், டெஸ்ட் முடிவு மூன்றையும் ஃப்ரிட்ஜில் ஒட்டிய தாளில் எழுதுகிறோம். இந்த வருஷம் இதுவரை இரண்டு. ஐந்தைத் தொட்டால் எடுப்பது பற்றிப் பேசுவோம். சாதாரண முறையிலேயே.

நீங்களும் இன்றைக்கே ஒரு தாளை ஒட்டிவிடுங்கள். மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.