மாவுக்கட்டு

மார்ச் 4
குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஆறு வாரம் மாவுக்கட்டு. தையல் மிஷின் மேல் துணி போர்த்தியாயிற்று. இடக்கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாகத்தான் வருகிறது. வலியைவிடப் பெரிய கவலை: நாளை பாப்பாவுக்கு யார் தலை சீவுவது? பதினாறு வயது. இன்றுவரை நான்தான்.

மார்ச் 5
தலை சீவாமலே போனாள்.

மார்ச் 8
யூனிஃபார்ம் பொத்தான் போட அவளுக்கு 11 நிமிடம். டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகளுக்குத் தசை தளர்ந்திருக்கும், விரலும் குட்டை. அதனாலேயே அவள் வீட்டு உடுப்பு எல்லாவற்றுக்கும் எலாஸ்டிக் வைத்துத் தைத்தேன். வேன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, பொத்தானைக் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி, கடைசியில் ஒரு காஜா மாறிப்போய் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அப்படியே ஓடினாள். இந்தப் பக்கத்தை எழுத எனக்கு அரை மணி ஆயிற்று.

மார்ச் 12
மாதவிலக்கு. "நான் உள்ள வரட்டா?" என்றேன். "நீ வேண்டாம்மா." தாழ்ப்பாள் விழுந்தது. சிறப்புப் பள்ளி டீச்சர் பொம்மைக்கு நாப்கின் வைத்துப் பழக்கியிருக்கிறார். தாளில் சுற்றிக் கூடையில் போட்டுவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, காலண்டரில் சிவப்பு வட்டமும் போட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் சொந்தக்காரி ஒருத்தி, "கர்ப்பப்பையை எடுத்துட்டா தொல்லை இல்லைல்லா" என்றாள். மறுத்தேன். ஒரு வாரம் யோசித்த பிறகுதான் மறுத்தேன்.

மார்ச் 21
உலக டவுன் சிண்ட்ரோம் தினம். 21-ஆம் குரோமோசோம் இரண்டு இருக்கவேண்டிய இடத்தில் மூன்று, அதனால் மூன்றாம் மாதம் 21. பள்ளி விழாவுக்குப் போக முடியவில்லை.

மார்ச் 26
முதன்முறையாகத் தனியாகக் கடைக்கு. அண்ணாச்சிக்கு முன்பே போன் போட்டேன். "பயப்படாதீயக்கா, நான் பாத்துக்கிடுதேன்." இருந்தும் பாளையங்கோட்டை வெயிலில், டிரான்ஸ்பார்மர் மறைவில் நின்று பார்த்தேன். பூக்காரம்மா அவளை நிறுத்தி, "ரெண்டு பக்கமும் பாத்தியா?" என்றார். ஆட்டோக்காரர் கையைக் காட்டி ஒரு பைக்கை நிறுத்தினார். இருவரும் பெயர் சொல்லித்தான் அவளை அழைத்தார்கள். எப்போது பழகினாள்? தெருவில் என் கையைப் பிடித்தபடிதானே நடப்பாள்!

அவளுக்கு முன் வீடு வந்து படுத்துக்கொண்டேன். பால் வந்தது, பருப்பு வரவில்லை. மீதிச் சில்லறை சரி.

ஏப்ரல் 3
பள்ளிக் கூட்டத்தில் 1999-ஆம் வருஷத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் பற்றிச் சொன்னார்கள். 18 வயதுக்குப் பிறகு பாதுகாவலர் நியமிக்க, கலெக்டரும் இருக்கிற குழுவிடம் மனுக் கொடுக்கவேண்டும். பாதுகாவலர் தேவையா, எந்தெந்தக் காரியத்துக்குத் தேவை என்று குழு பார்க்குமாம். ராத்திரி உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். பேங்க். ஆபரேஷன் கையெழுத்து. தலை சீவ. மூன்றாவதை அடித்தேன். எனக்குப் பிறகு யார் என்ற கேள்விக்கு எழுத எதுவும் வரவில்லை.

ஏப்ரல் 15
கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்து வெளுத்திருக்கிறது.

ஏப்ரல் 16
காலையில் சட்டையோடு வந்து நின்றாள். "கட்டு போயிட்டுல்லா, நீ போட்டுவிடு."

இன்னும் வலிக்கிறது என்றேன். வலிக்கவில்லை.