கோடிக்கரையில் தனித்திருக்கும் குழகர்

சோழநாட்டில் காவிரியின் தென்கரையில் உள்ள பாடல் பெற்ற தலங்களை வரிசையாகச் சொல்லும்போது நூற்றிருபத்தேழாவதாக வருவது திருக்கோடிக்குழகர் என்னும் கோடிக்கரை. அதற்கு அடுத்த தலத்தைக் காண வேண்டுமானால் கடலைக் கடந்து ஈழநாட்டுத் திருக்கோணமலைக்குத்தான் செல்ல வேண்டும். நம் முன்னோர் வகுத்த அந்த வரிசையே இவ்வூரின் இயல்பைச் சொல்லிவிடுகிறது. சோழநாட்டு நிலம் முடிந்து கடல் தொடங்கும் எல்லையில் இருக்கும் ஊர் இது.

கோடி என்றால் முனை. வங்கக் கடலை ஒட்டித் தெற்கு நோக்கி வரும் சோழ மண்டலக் கடற்கரை இவ்விடத்தில் மேற்கே திரும்புகிறது. ஊருக்குக் கிழக்கே வங்கக் கடல். தெற்கே பாக் நீரிணை. நீரிணைக்கு அக்கரையில் யாழ்ப்பாணக் குடாநாடு. நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரண்யத்துக்குத் தெற்கே ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள சிற்றூர். மீன்பிடித் தொழிலே இங்குள்ளோரின் வாழ்வு. மேற்கே முத்துப்பேட்டை வரை உவர்நிலமும் உப்பங்கழியும் சதுப்பும் விரிந்து கிடக்கின்றன.

சுந்தரர் கேட்ட கேள்வி

திருவாரூரிலிருந்து சேரமான் பெருமாளுடன் புறப்பட்ட சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருமறைக்காட்டை வணங்கிக் கோடிக்கரைக்கு எழுந்தருளினார். கோயிலின் அருகில் குடியிருப்பு எதுவும் இல்லை. ஒரு புறம் கடல், மறுபுறம் காடு. நடுவில் பெருமான் மட்டும் தனியே வீற்றிருந்தார். தம்பிரான் தோழராகிய சுந்தரருக்கு உள்ளம் பொறுக்கவில்லை. கண்ணீர் பெருகப் பதிகம் பாடினார் என்று சேக்கிழார் பெருமான் விவரிக்கிறார்.

அப்பதிகத்தில் சுந்தரர் வரம் எதுவும் கேட்கவில்லை. கடற்காற்று கடுமையாக வந்து மோதும் இக்கரையில், யாரைத் துணையாகக் கொண்டு இப்படித் தனியே இருக்கிறீர் என்று பெருமானையே வினவுகிறார். காடு மிகப் பெரிது, பொந்துகளில் ஆந்தையும் கூகையும் குழறுகின்றன, அம்மை அஞ்சமாட்டாளா, இங்குள்ள வேடர்களும் நல்லவர்கள் அல்லரே என்று கவலைப்படுகிறார். பிறகு தோழமையின் உரிமையோடு வேடிக்கையாகவும் ஒரு கேள்வி எழுப்புகிறார். ஒற்றியூர் என்ற பெயரில் ஒற்றி, அதாவது அடமானம் என்ற குறை இருப்பதால் அதை விட்டு வந்தீரோ? ஆரூர் என்றால் ‘யாருடைய ஊரோ’ என்று எண்ணி அதையும் விட்டு அகன்றீரோ?

வயது முதிர்ந்த பெற்றோர் ஊரில் தனியே இருந்தால், வெளியூரில் உள்ள பிள்ளைகள் கேட்கும் கேள்வியைப் போன்றது இது. இறைவன் நம்மைக் காக்கிறார் என்பது பொதுவான பக்தி. இறைவனுக்குத் துணை யார் என்று கவலைப்படுவது அதனினும் நெருங்கிய அன்பு. அவ்வன்பு பாடலாக வெளிப்பட்ட இடம் இக்கடற்கரை.

குழகரும் அமுதமும்

இறைவன் திருநாமம் கோடிக்குழகர். அமிர்தகடேசுவரர் என்றும் வழங்குவர். குழகன் என்றால் இளமையும் அழகும் உடையவன். அம்பிகை மைத்தடங்கண்ணி. தேவர்கள் பாற்கடலில் பெற்ற அமுதத்தை வாயுதேவன் எடுத்துச் செல்லும்போது அசுரர்கள் இடைமறிக்க, அது இங்கே சிந்தியது என்றும், முருகப் பெருமான் அதைக் கலசத்தில் சேர்க்க, அதுவே சிவலிங்கமாயிற்று என்றும் தலபுராணம் கூறுகிறது. அதற்கேற்ப இங்குள்ள முருகப் பெருமான் ஒரு திருமுகமும் ஆறு திருக்கரங்களும் கொண்டு, ஒரு கரத்தில் அமுத கலசம் ஏந்தி அருள்கிறார்.

ஆதிசேது

இவ்வூர்க் கடலை ஆதிசேது என்று போற்றுவர். சீதாபிராட்டியைத் தேடி வந்த இராமபிரான் முதலில் இக்கரையில் நின்றே இலங்கையை நோக்கினார் என்பது இவ்வட்டாரத்து மரபு. இங்கிருந்து சென்றால் இராவணனுடைய அரண்மனையின் பின்புறத்தை அடைய நேரும்; பின்வாசல் வழியே புகுவது வீரனுக்கு அழகன்று என்று எண்ணிய பெருமான், இராமேசுவரத்துக்குச் சென்று அங்கே அணை கட்டினாராம். அவர் நின்ற மணல்மேடு இராமர் பாதம் என்ற பெயரோடு இன்றும் காட்டுக்குள் இருக்கிறது. மேட்டின் மேல் திருவடிச் சுவடுகள் வழிபடப்படுகின்றன.

ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் இக்கடலில் நீராடி, முன்னோருக்குத் தர்ப்பணம் செய்யப் பெருந்திரளான மக்கள் வருகின்றனர். இங்கு நீராடியபின் வேதாரண்யம் சென்று மறைக்காட்டு நாதரை வழிபடுவது வழக்கம். வேதங்கள் பூசித்து அடைத்த கதவை அப்பர் சுவாமிகள் பாடித் திறந்ததும், சம்பந்தர் பாடி அடைத்ததும் அத்திருக்கோயிலில்தான்.

விளக்கும் உப்பும்

ஈழத்துக்குச் செல்லும் கடல்வழியில் இம்முனை இருந்ததால், கலங்களுக்கு வழிகாட்ட இங்கே விளக்கு வேண்டியிருந்தது. சோழர் காலத்துக் கலங்கரை விளக்கம் என்று மக்கள் போற்றி வந்த செங்கல் இடிபாடு ஒன்று கடலோரம் நெடுங்காலம் நின்றது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலையில் அது அழிந்தது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு இவ்விளக்கமும், அதைக் காத்த தியாகவிடங்கரும், படகு செலுத்திய பூங்குழலியும், குழகர் கோயிலும், புதைசேறும் நினைவில் நிற்கும். பூங்குழலி கற்பனையாக இருக்கலாம். குழகர் கோயிலும் சதுப்பும் கண்ணால் காணக்கூடியவை.

வேதாரண்யத்திலிருந்து வரும் வழியில் அகத்தியான்பள்ளி உள்ளது. சம்பந்தர் பாடிய இத்தலத்தைச் சுற்றி உப்பளங்கள் வெண்மையாகப் பரந்திருக்கும். 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து தொண்டர்களுடன் நடந்து புறப்பட்ட இராஜாஜி, ஏப்ரல் 30 அன்று தடையை மீறி உப்பு எடுத்தது இம்மண்ணிலேதான். அன்று அவர்களுக்குத் துணை நின்றவர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை.

குழகரின் துணைவர்கள்

சுந்தரர் கண்ட காடு இன்னும் இருக்கிறது. 1967ஆம் ஆண்டு வெளிமான்களைக் காக்க இது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2002இல் பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. முறுக்கிய கொம்புடைய வெளிமான்களும், காட்டில் தாமாகவே திரியும் மட்டக்குதிரைகளும், புள்ளிமான்களும் இங்கே வாழ்கின்றன. ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை தொலைதூரத்துப் பறவைகள் இச்சதுப்பில் வந்து தங்குகின்றன. பூநாரைகள் கூட்டமாக நிற்கும்போது நீரின்மேல் இளஞ்சிவப்பு விரிப்பு விரித்தாற்போல் தோன்றும். பறவையியல் அறிஞர் சாலிம் அலி தொடர்பு கொண்டிருந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார், பறவைகளின் காலில் வளையம் இட்டு அவற்றின் வழித்தடங்களை இங்கே ஆராய்ந்தனர்.

2018 நவம்பர் 16ஆம் நாள் கரையைக் கடந்த கஜா புயல் இப்பகுதியின் மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. சாய்ந்த இடத்தில் காடு மீண்டும் தளிர்த்தது. கடற்காற்று வந்து மோதுகிறதே என்று சுந்தரர் வருந்தியது எத்துணை உண்மை என்பதைப் புயலைக் கண்டவர்கள் அறிவார்கள். அக்காற்றுக்கு நடுவே பெருமான் இன்றும் இருக்கிறார்.

ஆயினும் அமாவாசைக் கூட்டம் கலைந்ததும் ஊர் பழைய அமைதிக்குத் திரும்பிவிடுகிறது. கடலாடிய பலர் குழகர் சந்நிதிக்கு வராமலே வண்டியேறிவிடுகின்றனர். சுந்தரர் கேட்ட கேள்வியைப் பெருமான் சார்பில் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டிய இடம் இதுதான். கூட்டமில்லாத ஒரு நாளில் சென்று, பதிகத்தைச் சந்நிதியில் ஓதி, சற்று நேரம் அமர்ந்து வந்தால் அதுவே குழகருக்கு நாம் தரும் துணை.

நாகப்பட்டினம், திருத்துறைப்பூண்டி ஆகிய ஊர்களிலிருந்து வேதாரண்யத்துக்குப் பேருந்து உண்டு. அங்கிருந்து கோடிக்கரைக்குச் செல்லலாம். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியான்பள்ளி வரை 2023 முதல் மீண்டும் ரயில் ஓடுகிறது. கோயில் திறந்திருக்கும் நேரத்தை வேதாரண்யத்தில் விசாரித்துக்கொண்டு செல்வது நலம். மூத்தவர்கள் கடலில் இறங்கும்போது ஒருவர் கையைப் பற்றிக்கொள்ள வேண்டும். குடிநீரும் சிற்றுண்டியும் உடன் கொண்டு செல்க. கொண்டுபோன பிளாஸ்டிக் பைகளையும் பழைய துணிகளையும் கரையிலோ காட்டிலோ விட்டுவராமல் திரும்பக் கொண்டுவருக. அவற்றைத் தின்னும் மான் குழகரின் அண்டை வீட்டு உயிர் அல்லவா?

தோழனுக்காகக் கண்ணீர் சிந்திய சுந்தரரின் அன்பில் ஒரு துளியேனும் நமக்கும் வாய்க்கக் கோடிக்குழகர் அருள்புரிவாராக.