அரைப்பேர்

பேராதனை. 2022 அக்டோபர். பின்னேர மழை. கலைப்பீடத்து அறையில் ஒன்பது மாணவர்கள். குடைகள் கதவோரம் சொட்டுகின்றன.

கரும்பலகையில் ஒரு கேள்வி: நாடு ஏன் வங்குரோத்தானது?

மூன்றாம் வருட மாணவன் எழுதுகிறான். 2019: வற் வரி 15இலிருந்து 8. 2021: இரசாயன உரத்துக்குத் தடை. 2022 ஏப்ரல் 12: வெளிநாட்டுக் கடன் கட்டுவது நிறுத்தம். செப்டம்பர்: பணவீக்கம் 70 சதவீதம், உணவுக்கு 95. வெண்கட்டி நகம் வரை தேய்ந்துவிட்டது. விரலில் ஒட்டிய தூளைக் காற்சட்டையில் துடைக்கிறான்.

சர்வதேச நாணய நிதியத்தின் கடன், 290 கோடி டொலர், நான்கு வருடம். அதில் இருவருக்குள் வாக்குவாதம். ஒருவன் 'நிபந்தனை' என்கிறான். மற்றவன் 'வேறு வழி?' என்கிறான். மூன்று முறை அதே கேள்வி, அதே பதில்.

"மண்ணெண்ணெய் 87 ரூபாயாக் கிடந்தது. ஓகஸ்டில 340 ஆக்கிட்டாங்கள்." மன்னார் மாணவன் பேசுகிறான். "அப்பா வள்ளத்தைக் கரையில ஏத்திப் போட்டார்."

வாக்குவாதம் நிற்கிறது.

கடைசி வாங்கில் ஹட்டன் மாணவி. மடியில் நான்காக மடித்த தாள். பிரிக்கிறாள். மடிக்கிறாள். மறுபடி பிரித்து, மேசையில் வைத்து, உள்ளங்கையால் நீவுகிறாள்.

அம்மாவின் சம்பளத் துண்டு. நாட்சம்பளம் 1,000. வேலைக்குப் போன நாள் 21. அதில் அரைப்பேர் 7. கழிவுகள்: சேமலாப நிதி, சங்கச் சந்தா, தேயிலைத்தூள், கோயில், தீபாவளி முற்பணம். மேல்வரிசை அச்சு மங்கல். கழிவுகள் தெளிவாக விழுந்திருக்கின்றன.

"அரைப்பேரெண்டா?" மன்னார் மாணவன் கேட்கிறான்.

"எங்க தோட்டத்துல பதினெட்டு கிலோ எடுக்கணும். எடுக்காட்டி அரைப்பேர். பாதிச் சம்பளந்தான்." நிறுத்துகிறாள். "ஒரம் போடாததுல கொழுந்து இல்லண்ணே. அம்மா அதே நேரந்தான் நிக்கிறாங்க மலையில."

மூன்றாம் வருடத்தான் பலகையைப் பார்க்கிறான். '2021: உரத்துக்குத் தடை.' அதன் பக்கத்தில் இடம் இருக்கிறது. வெண்கட்டித் துணுக்கை இரு விரலால் இறுக்கிப் பிடிக்கிறான். 'அரைப்பேர்' என்று எழுதுகிறான்.

மின்வெட்டு. பலகை மறைகிறது.

கைபேசி வெளிச்சத்தில் தாள் கை மாறுகிறது. ஒவ்வொருவரும் ஓரத்தில் பிடித்து வாசிக்கிறார்கள். எட்டுக் கை சுற்றித் திரும்பி வருகிறது. பழைய மடிப்பிலேயே மடித்து, தேசிய அடையாள அட்டையோடு சேர்த்துப் பைக்குள் வைக்கிறாள்.